இல்லாத கரட்டை எங்கே நின்று வரைவது?

2024 பிப்ரவரி 11, காலை: ஒரு வாசகரின் கூற்று

“நிலக்காட்சி ஓவியம் என்றால் நிலத்தின் முன் நின்று வரைவதுதான். பிரெஞ்சு ஓவியர் செசான் தம் ஊர் மலையான சேன்ட் விக்டோரை மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ணப் படங்களாகத் தீட்டினார். 1906 அக்டோபரில் வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது மழையில் நனைந்து, அதே மாதத்தில் இறந்தும் போனார். இங்கே பலர் வீட்டுக்குள் அமர்ந்து வண்ணத்தை அள்ளிப் பூசிவிட்டு அதற்கு ஒரு மலையின் பெயரைச் சூட்டுகிறார்கள். கேட்டால் நினைவு, உணர்வு, வெளிப்பாடு என்கிறார்கள். கோடு வராதவர்களுக்கு இது வசதியான மறைவிடம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் எழுதலாம்.”

பிப்ரவரி 11, இரவு

மறுக்கிறேன். தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில், வீட்டுக்கு வடக்கே ஒரு கரடு இருந்தது. மலை என்று சொல்லும் உயரம் இல்லாத, மண்ணைவிடப் பாறையே மிகுந்த குன்றை எங்கள் பக்கத்தில் கரடு என்போம். என் பாட்டியை ஆயா என்பேன்; அவர் அதன்மேல் ஆடு மேய்த்தார். ஆறு வயதிலிருந்து நானும் அவருடன் ஏறினேன். நான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த 2003ஆம் ஆண்டில், கல் எடுக்க உரிமம் பெற்றவர்கள் அதன் ஒரு மூலையில் வெடி வைக்கத் தொடங்கினார்கள். வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போதெல்லாம் கரடு ஒரு பக்கம் குறைந்திருக்கும். பத்து ஆண்டுகளில் அது முழுவதுமாகப் போய்விட்டது. இப்போது அங்கே இருப்பது ஒரு பெரிய பள்ளமும் அதன் அடியில் பச்சைத் தண்ணீரும்தான்.

அந்தக் கரட்டை நான் இதுவரை பதினேழு முறை வரைந்திருக்கிறேன். நிலத்தின் முன் நின்றால்தான் நிலக்காட்சி என்றால், இந்தப் பதினேழு படங்களுக்காக நான் எங்கே போய் நின்றிருக்க வேண்டும் என்பதை வாசகர் சொல்ல வேண்டும்.

அவர் குறை சொல்லக்கூடிய இடத்தையும் நானே காட்டிவிடுகிறேன். அந்தப் படங்களில் பாறை சிவப்பாக இருக்கிறது. உண்மையில் அது சாம்பல் நிறப் பாறை. பங்குனி வெயிலில் செருப்பில்லாமல் அதன்மேல் ஓடியவன் நான். அந்தப் பாறையை நினைத்தால் முதலில் திரும்பி வருவது உள்ளங்காலில் ஏறிய சூடு. சாம்பல் நிறம் அதற்குப் பிறகுதான் வருகிறது. முதலில் வந்ததை முதலில் தீட்டினேன்.

பிப்ரவரி 12

செசானைப் பற்றி வாசகர் சொன்னது சரி. அதே காலத்தில் வான் கோ வரைந்த ‘விண்மீன் இரவு’ ஓவியத்தை அவர் எந்தப் பக்கம் சேர்ப்பார்? 1889 ஜூனில், சேன்ட் ரெமி மனநல விடுதியின் கிழக்குச் சன்னல் வழியே இரவில் பார்த்த வானத்தை, கீழ்த்தளத்து அறையில் பகலில் அமர்ந்து தீட்டினார். படத்தில் உள்ள ஊர் அந்தச் சன்னலிலிருந்து தெரியும் ஊரும் அன்று.

பிப்ரவரி 18

இன்று ஊருக்குச் சென்றபோது பதினேழாவது படத்தைக் கையோடு எடுத்துச் சென்று அம்மாவிடம் காட்டினேன். நிறத்தைப் பற்றி அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை. சிவப்புப் பாறையை ஒரு கேள்வியும் இன்றி ஏற்றுக்கொண்டவர், படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்து, “புளியமரம் இந்தாண்ட எப்ப வந்துச்சு? அது அந்தாண்ட இல்ல இருந்துச்சு” என்று கேட்டார்.

அவர் சொன்னது சரிதான். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் மரம் கரட்டுக்கு வலப்பக்கம் இருந்தது. பதினேழு படங்களிலும் நான் அதை இடப்பக்கம் வரைந்திருக்கிறேன். பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் இது என்னை உறுத்தியது. பாறையின் சிவப்பை நான் அறிந்தே தீட்டினேன். மரம் இடம் மாறியதை அறியவே இல்லை. மிகைப்படுத்துவதும் தவறாக நினைவுகொள்வதும் வெவ்வேறு செயல்கள். முதலாவதற்குத்தான் ஓவியன் பொறுப்பேற்க முடியும். இந்த ஓர் இடத்தில் வாசகரின் கூற்றுக்கு வலு இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 25

‘இடத்தில் நின்று வரைந்தவர்கள்’ என்ற பட்டியலில் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலையும் அவருடைய உடன்பிறந்தவரின் மகன் வில்லியமையும் ஒருவர் சேர்த்திருக்கிறார். நம் மாவட்டங்களைப் பற்றிப் பேசும்போது அவர்களைத் தவிர்க்க முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 1792இல், திப்புவுடன் நடந்த மூன்றாம் போர் முடிந்து இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாரமகால் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) கைக்கு வந்த அதே ஆண்டில், இருவரும் இந்த வழியாகச் சென்றார்கள். இராயக்கோட்டை, ஜெகதேவி, வீரபத்திர துர்க்கம், ஓசூர் ஆகியவற்றை வரைந்தார்கள். துளை வழியே விழும் ஒளியைக் கொண்டு காட்சியைத் தாளில் இறக்கும் இருட்பெட்டி அவர்களிடம் இருந்தது. ஆகவே மலையின் விளிம்புக்கோடு ஏறத்தாழ அளந்தெடுத்தது போலவே அமைந்தது.

ஆனால் அந்த அச்சுப்படங்கள் இங்கே உருவானவை அல்ல. இருவரும் நாடு திரும்பிய பின், 1795க்கும் 1808க்கும் இடையில், லண்டனில் செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து ஒளிநிழல் சாயல்களை உண்டாக்கும் அக்வாடின்ட் முறையில் அச்சிட்டு, ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் ஏற்றினார்கள். அங்கே இராயக்கோட்டையின் வெயில் எப்படி வந்திருக்கும்? இங்கே எழுதிய சிறு நீர்வண்ணப் படங்களிலிருந்து கொஞ்சம் வந்திருக்கும். மிச்சம் நினைவிலிருந்துதான் வந்திருக்க முடியும். அந்தப் படங்களின் வானம் எனக்கு எப்போதும் சற்று அந்நியமாகவே தோன்றும். மலை நம்முடையது, அதன் மேலிருக்கும் ஒளி அவர்களுடையது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அளவு கருவியோடு வந்தவர்களின் படத்திலும் நினைவு புகுந்துவிட்டது என்பதற்காகவே சொல்கிறேன்.

மார்ச் 3

எப்படிப் பயிற்சி செய்கிறேன் என்று கேட்டிருக்கிறார்கள். இடத்துக்குப் போவேன், தாளும் பென்சிலும் பையிலேயே இருக்கும். அரை மணி நேரம் பார்ப்பேன். பிறகு கட்டாயமாக இரண்டு கிலோமீட்டராவது நடப்பேன். அதன் பின்னர்தான் உட்கார்ந்து வரைவேன். நடக்கும்போது பாதி விவரங்கள் உதிர்ந்துவிடும். மீதி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். மறுநாள் மறுபடி அங்கே சென்று, வரைந்ததை இடத்தோடு ஒப்பிட்டு, தவறுகளை வேறொரு நிறத்தில் குறிப்பேன். இது என் கண்டுபிடிப்பு அன்று. 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் லகோக் த புவாபோத்ரான் என்ற ஆசிரியர் மாணவர்களுக்கு நினைவிலிருந்து வரைவதையே தனிப் பாடமாகக் கற்பித்தார். சிற்பி ரோடன் அவரிடம் பயின்றவர்.

ஒப்பிட்டதில் நான் கண்டது இது: தொலைவில் இருப்பவற்றைச் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறேன், அருகில் இருப்பவற்றில்தான் தவறுகிறேன். வத்தல்மலையின் முகடு ஏறத்தாழப் பிசகாமல் வருகிறது. காலடியில் கிடந்த குண்டுக்கற்களின் அடுக்கு ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை. எனவே படத்தின் முன்பகுதியை மட்டும் இடத்திலேயே வரையத் தொடங்கியிருக்கிறேன்.

மார்ச் 4

நேற்றைய குறிப்பில் ஒன்று விடுபட்டது. மறுநாள் அதே இடத்துக்குப் போனால் அதே காட்சி இருக்கும் என்று நம்ப முடியாது. வெயில் காலத்தில் புழுதியும் வெம்மையும் சேர்ந்து தொலைவு மலைகளை வெளிற வைத்துவிடும். ஒரு கோடை மழை பெய்தால் போதும், அவை ஒரே இரவில் கருநீலமாகி, பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது போல நிற்கும். ஒப்பிடுவதென்றால் விளிம்புக்கோட்டை ஒப்பிடலாம். நிறத்தை ஒப்பிட முடியாது.

மார்ச் 10

புகைப்படம் ஏதும் இல்லையா என்று கேட்டவருக்கு: இல்லை என்றே இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். இந்த வாரம் சித்தியின் 1987ஆம் ஆண்டுத் திருமண ஆல்பத்தைப் புரட்டியபோது, வாசலில் போட்ட பந்தலுக்குப் பின்னால் கரடு தெரிந்தது. வாழைமரத்துக்கும் மாமாவின் தோளுக்கும் இடையில், கட்டைவிரல் நகத்தளவு. புளியமரம் வலப்பக்கம், அம்மா சொன்ன இடத்தில்.

என்னைக் கலங்கச் செய்தது மரம் அன்று, கரட்டின் உயரம். என் படங்களில் அது தாளின் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொண்டு, செங்குத்தாக நிற்கிறது. புகைப்படத்தில் அது ஒரு பெரிய வைக்கோல் போரைப் போலச் சரிந்து கிடக்கிறது. அதைப் பார்த்த பிறகு மூன்று நாட்கள் தூரிகையைத் தொட முடியவில்லை. பதினேழு படங்களும் பொய்யோ என்று தோன்றியது.

மார்ச் 13

பொய் இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கேமரா பந்தலடியில் நின்று பார்த்தது. அது கரட்டில் ஏறவில்லை. ஏழு வயதில், இடுப்பில் தண்ணீர்ச் சொம்பை அணைத்துக்கொண்டு, ஆயாவின் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி அதில் ஏறியவனுக்கு அது அத்தனை உயரம்தான். உயரத்தை மாற்றப் போவதில்லை. மரத்தை மட்டும் வலப்பக்கம் மாற்றுவேன்.

மார்ச் 24

‘உணர்ச்சியை நிலத்தின்மேல் ஏற்றுவது மேற்கிலிருந்து வந்த பழக்கம்’ என்று ஒருவர் எழுதியதைப் படித்தேன். நம் அகப்பாட்டு மரபில் நிலம் எப்போது தனியாக வந்தது? முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளைச் சொல்லத்தானே வருகின்றன? குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்த வடிவமே பாலை என்னும்போது, நிலம் தன் இயல்பு கெட்ட நிலைக்கும் பிரிவுக்கும் ஒரே பெயர் கிடைத்துவிடுகிறது. வெடி வைத்துப் பெயர்க்கப்பட்ட கரட்டைப் பாலை என்று நான் சொன்னால் விளங்காத தமிழர் உண்டா?

மார்ச் 26

திணையைச் சான்றுக்கு அழைத்ததில் அவசரப்பட்டுவிட்டேன். திணை என்பது எல்லோரும் அறிந்த ஏற்பாடு. குறிஞ்சி என்ற உடனே கேட்பவருக்குப் புணர்தல் நினைவுக்கு வந்துவிடும். என் சிவப்புப் பாறைக்கு அப்படி ஓர் உடன்பாடு இல்லை. அந்தச் சூட்டைப் பார்ப்பவருக்குக் கடத்தும் பொறுப்பு முழுவதும் வண்ணத்தின் மேலும் அதைப் பூசும் விதத்தின் மேலும் விழுகிறது. அதனால்தான் இப்படங்களில் தூரிகையைவிட்டு வண்ணக் கத்தியை எடுத்தேன். கத்தியால் இழுத்த பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தின் விளிம்பு, காய்ந்த பின்னும் கைக்குச் சொரசொரப்பாக இருக்கும்.

‘கோடு வராதவர்கள்’ என்ற தொடக்கக் கூற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஓவியர் ஆதிமூலம், 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களைப் பார்த்தவர்கள், அவருக்குக் கோடு வராது என்று சொல்லத் துணிய மாட்டார்கள். அதே மனிதர்தான் பின்னாளில் கோட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, வண்ணப் பட்டைகளால் மட்டுமே நிலத்தையும் வெளியையும் தீட்டினார். கோடு வராமல் அவர் அங்கே போகவில்லை.

ஓவியர் எஸ். எச். ரஸாவையும் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்துப் பாபரியா என்ற சிற்றூரில் 1922இல், வனத்துறையில் பணியாற்றியவரின் மகனாகப் பிறந்தவர். 1950இல் பிரான்சுக்குச் சென்று அறுபது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். அவருடைய கறுப்பும் சிவப்பும் கொதிக்கும் நிலக்காட்சிகள் பிள்ளைப்பருவத்துக் காட்டு இரவுகளிலிருந்து வந்தவை. அந்தக் காட்டின் முன் நின்று தீட்டியிருந்தால் இரவின் அச்சம் வந்திருக்குமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

ஏப்ரல் 14

இன்று முதல் ஊர் மண்ணையே வண்ணமாக்கத் தொடங்கியிருக்கிறேன். கேட்டவர்கள் இருப்பதால் முறையைச் சொல்கிறேன். பள்ளத்தின் ஓரத்தில் சரிந்து கிடக்கும் மண்ணில் இரண்டு படி அள்ளி, வாளித் தண்ணீரில் கரைத்துக் கலக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கலை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடித்து இன்னொரு பாத்திரத்தில் இரவு முழுவதும் அசையாமல் வைத்தால், காலையில் தெளிந்த நீரைச் சாய்த்துவிட்டு அடியில் படிந்த விழுதை எடுக்கலாம். அதை நிழலில் காய வைத்து, அம்மிக்குழவியால் நுணுக்கி, ஊறவைத்துக் கரைத்த கருவேலம் பிசினோடு குழைத்தால் நீர்வண்ணம் ஆயத்தம். பிசின் குறைந்தால் காய்ந்த பிறகு விரலில் மாவாக ஒட்டும். மிகுந்தால் பளபளத்து வெடிக்கும். பிசின் நீர் நான்கைந்து நாட்களில் கெட்டுப்போகும் என்பதால் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுகிறேன்.

மஞ்சள் காவி மண் கிடைத்தால் பழைய இரும்புச் சட்டியில் போட்டு வறுத்துப் பாருங்கள். இரும்புச் சத்தோடு சேர்ந்திருக்கும் நீர் வெளியேற, மஞ்சள் மெல்ல ஆரஞ்சாகி, பிறகு செங்காவியாகும். ஒரே மண்ணிலிருந்து நான்கு நிறங்கள் எடுத்தேன். அம்மா அடுப்பருகே நின்று கடைசி வரை பார்த்தார். பொங்கலுக்கு வீடு பூசும் செம்மண்ணை இவ்வளவு மெனக்கெட்டு யாரும் வடித்ததில்லை என்றார்.

இந்தச் சித்திரை வெயிலில் அகலமான பூச்சுப் போட முடிவதில்லை. தாளின் இக்கரையில் தொடங்கி அக்கரைக்குப் போவதற்குள் முதல் பாதி காய்ந்து விளிம்பு கட்டிவிடுகிறது. தாளின் பின்பக்கத்தையும் நனைத்து, விடியற்காலையில் வரைந்தால் கொஞ்சம் தாங்கும்.

மே 5

என் பிப்ரவரிக் குறிப்பை நானே திருத்துகிறேன். பாறை சாம்பல் நிறம், சிவப்பு என் உள்ளங்காலின் நிறம் என்று எழுதியிருந்தேன். பள்ளத்தின் தென்சரிவில் மிச்சமிருக்கும் பாறைத் துண்டுகளை இந்த வாரம் கையில் எடுத்துப் பார்த்தேன். உடைந்த முகம் சாம்பல்தான். ஆனால் வெயிலும் மழையும் பட்டுக் கிடந்த மேல்தோல் துருப்பிடித்த இரும்பைப் போலச் செம்பழுப்பாக இருக்கிறது. நான் சாம்பல் என்று உறுதியாக நம்பியது, 2003க்குப் பிறகு வாரந்தோறும் பார்த்த வெடித்த முகத்தை. பிள்ளையாக இருந்தபோது என் காலடியில் கிடந்தது செம்பழுப்புத் தோல். கண்ணும் அன்றைக்கே சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பின்னால் வந்த காட்சி முன்னதை மூடிவிட்டது.

ஜூன் 30

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் கல்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களால் அமைத்த பழங்கால ஈமச் சின்னங்களை, பார்த்துவிட்டு வந்தேன். பலகைக் கற்களில் வெள்ளை நிறத்தில் மனிதர்களும் விலங்குகளும் இருக்கின்றன. பர்கூர்ப் பக்கம் மல்லப்பாடியில் உள்ள வெள்ளைப் பாறை ஓவியத்தில் குதிரை மேல் அமர்ந்து பொருதும் வீரர்களைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்திருக்கிறேன். இரண்டு இடங்களிலும் நான் பார்த்த உருவங்களில் குன்று என்று சொல்லத்தக்க ஒரு கோடுகூட என் கண்ணில் படவில்லை. சுற்றிலும் குன்றுகளே நிறைந்த இடத்தில் வாழ்ந்தவர்கள் ஏன் குன்றை வரையவில்லை என்று திரும்பும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். குன்றின் மேலேயே வரைந்தவர்களுக்கு அதைத் தனியாக வரைய வேண்டிய தேவை இருந்திருக்காது. எனக்குக் கரட்டை வரையும் ஆசை வந்ததும் அதில் வெடி வைத்த பிறகுதான். 2003க்கு முன் நான் ஆடுகளையும் ஆயாவையும் வரைந்த பழைய நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் எந்தப் பக்கத்திலும் கரடு இல்லை.

ஆகஸ்ட் 18

புளியமரத்தைப் பற்றி மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. மார்ச் மாதத்தில் சொன்னபடியே பதினெட்டாவது படத்தில் அதை வலப்பக்கம் மாற்றினேன். படம் ஐந்து மாதமாகச் சுவரில் நிற்கிறது; ஒரு நாளும் அதை என் கரடாக உணர முடியவில்லை.

இன்று ஊரில், நான் படித்த தொடக்கப்பள்ளிக்கு ஒரு வேலையாகச் சென்றுவிட்டு, பழைய ஒற்றையடிப் பாதையில் வீட்டுக்கு நடந்தேன். பள்ளி, கரட்டுக்கு வடக்கே இருக்கிறது, வீடு தெற்கே. மரம் நின்ற இடம் கிழக்கே. பள்ளியிலிருந்து தெற்கு நோக்கி வருபவனுக்குக் கிழக்கு இடப்பக்கம். ஐந்து ஆண்டுகள், ஒவ்வொரு மாலையும், பசியோடு வீடு திரும்பியவன் பார்த்த கரடு அது. அம்மா வாசலிலிருந்து பார்த்தார், புகைப்படக்காரரும் வாசலிலிருந்து பார்த்தார், நான் பள்ளிப் பாதையிலிருந்து பார்த்தேன். நான் எங்கே நின்று வரைகிறேன் என்பதே இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பதினேழு படங்களையும் எடுத்து மறுபடி பார்த்தேன். எல்லாவற்றிலும் கரட்டின் இந்தப் பக்கம் இருண்டு, வலது விளிம்பில் மட்டும் ஒளி இருக்கிறது. மாலை வெயில் மேற்கிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து வருகிறது. பள்ளி விடும் நேரத்து ஒளி. பிப்ரவரி 18இல் மரத்தைத் தவறாக நினைவுகொண்டதாக எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எங்கே நிற்கிறோம் என்ற கேள்வி நினைவிலிருந்து வரைபவனுக்கும் உண்டு. அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அவன் வேலை.

அக்டோபர் 20

தொடக்கக் கூற்றை எழுதிய வாசகர், பள்ளத்தையாவது நேரில் நின்று வரைந்தீர்களா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இரண்டு வாரங்களில் நான்கு காலைகள் வடக்கு விளிம்பில், பள்ளிப் பாதை முடியும் இடத்தில் உட்கார்ந்து வரைந்தேன். வெட்டுமுகத்தில் துளையிட்ட கோடுகள் வரிசையாக இறங்குகின்றன. அவற்றை மண் வண்ணத்தால் தீட்டாமல், சாம்பல் நிறத்துக்காக அல்ட்ராமெரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தேன். மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறி, பச்சை நிறம் கலங்கியிருக்கிறது. இந்தப் படத்தில் மிகை ஒன்றும் இல்லை. இங்கே மிகைப்படுத்த எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அதைப் பதினேழாவது படத்தின் அருகில் மாட்டியிருக்கிறேன். பதினெட்டாவதைக் கழற்றிவிட்டேன்.

அந்த வாசகர் தம் கூற்றை மாற்றிக்கொள்ளவில்லை, நானும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு தம் தாளோடு வருவதாக எழுதியிருக்கிறார். ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும். ஒன்பதுக்கு மேல் வெட்டுமுகத்தில் நிழல் போய் எல்லாம் தட்டையாகிவிடும். தென்சரிவில் கால் வைக்கக் கூடாது, மண் இளகியிருக்கிறது. உட்காருவதற்குப் பாயும் பிசின் கரைத்த பாட்டிலும் நான் எடுத்து வருகிறேன்.